வினைவயிற் பிரிவும் வரம்பிலாப் பணியும்: பெங்களூர்ப் புத்தொழில் நிறுவனங்களை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பொருளீட்டும் பொருட்டு இல்லம் பிரிதலைத் தமிழ் அகமரபு அறத்திற்கு மாறானதாகக் கருதவில்லை. ஈதலும் இல்லறம் நடத்துதலும் பொருளின்றி இயலாமையின், பிரிவு தலைவனுக்குரிய கடமையாகவே கொள்ளப்பட்டது. இன்று பெங்களூரின் கோரமங்கலா, எச்.எஸ்.ஆர். லேஅவுட், வெளிவட்டச் சாலை ஆகிய பகுதிகளில் பெருகியுள்ள புத்தொழில் நிறுவனங்களில் பணிபுரிவோர் பலர் வீட்டிலிருந்தபடியே பிரிந்திருக்கும் நிலைக்கு ஆளாகின்றனர். இந்நிலையை அகமரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு நிறுவனம் தன் பணியாளரிடம் எவ்வளவு காலத்தைக் கேட்கலாம் என்பதும், பணியாளரின் உடன்பாடு ஒன்றே அக்கோரிக்கையை அறமாக்கிவிடுமா என்பதும் இங்கு எழுப்பப்படும் வினாக்களாகும்.

பணிநேர வாதம்

பணிநேர வரம்பு தொழிலாளர் போராடிப் பெற்ற ஒன்றாகும். சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் தோன்றியது. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாளைக் கொண்டாடினார். இதற்கிடையே 1919இல் வாஷிங்டனில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் மாநாடு, நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்பை ஏற்றது. பிரித்தானிய இந்தியாவிற்கு மட்டும் வாரம் 60 மணி எனத் தளர்த்தியது. கர்நாடகக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டம் (1961) நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என வரையறுத்தது.

2023 அக்டோபரில் வெளியான உரையாடல் ஒன்றில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான என்.ஆர். நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். நாட்டின் உற்பத்தித்திறன் குறைவாக உள்ளதென்பதும், இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஜெர்மானியரும் ஜப்பானியரும் அவ்வாறு உழைத்தனர் என்பதும் அவர் கூறிய காரணங்கள். இக்கருத்தை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. வறுமையிலிருந்து மீள விழையும் நாட்டிற்கு உழைப்பே முதல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் 70 மணி என்பது குடியேற்ற ஆட்சிக் காலத்தில் இந்தியருக்கெனத் தனியே தளர்த்தப்பட்ட வரம்பையும் 10 மணி நேரம் விஞ்சுகிறது. எடுத்துக்காட்டாகச் சுட்டப்பட்ட ஜப்பானிலும் மிகையுழைப்பால் நேரும் இறப்பைக் குறிக்கக் ‘கரோஷி’ என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. அதனைத் தடுக்க 2014இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. வாரம் 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்போர்க்கு, 35 முதல் 40 மணி உழைப்போரைவிடப் பக்கவாதம் ஏற்படும் வாய்ப்பு 35 விழுக்காடு மிகுதி என உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் இணைந்து வெளியிட்ட ஆய்வு காட்டியது.

2024 சூலையில் தகவல் தொழில்நுட்பப் பணியாளரின் வேலைநாளை 14 மணி வரை நீட்டிக்கும் முன்மொழிவு கர்நாடகத்தில் எழுந்தபோது, அத்துறை ஊழியர் சங்கம் அதனை எதிர்த்தது. 2025 மார்ச்சில் பெங்களூர் விடுதலைப் பூங்காவில், பணிக்கும் வாழ்வுக்கும் சமநிலை வேண்டி ஊழியர் கூடினர். தமிழகத்திலும் 12 மணி வேலைக்கு வழிசெய்யும் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரலில் நிறைவேறி, எதிர்ப்பின் காரணமாகத் திரும்பப் பெறப்பட்டமை இங்கு நினைக்கத்தக்கது.

பிரிவும் அதன் எல்லையும்

தொல்காப்பியம் ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவுக்குரிய காரணங்களைக் கூறுகிறது. அதனோடு நில்லாமல் கற்பியலில் பிரிவின் கால எல்லையையும் வகுக்கிறது. கல்விக்குரிய பிரிவு மூன்றாண்டைக் கடத்தலாகாது. வேந்தன் வினைக்குரிய பிரிவு ஓராண்டிற்கு உட்பட்டது. வேந்தனுக்காகப் பிரிந்தவனும் மீளும் நாளை அறிந்தே பிரிந்தான் என்பது இதனால் புலனாகிறது. முல்லைத்திணையில் கார்ப்பருவம் மீட்சியின் குறியாகிறது. ‘இருத்தல்’ முல்லையின் உரிப்பொருளாக அமைவதற்கு இவ்வெல்லையே அடிப்படை எனலாம். வருவான் என்னும் உறுதி இல்லாவிடத்து இருத்தல் இரங்கலாகிவிடும்.

புத்தொழில் நிறுவனப் பணியில் இவ்வெல்லை மறைந்துவிடுகிறது. ஒரு செயலி வெளியானதும் அடுத்த பதிப்பிற்கான பணி தொடங்குகிறது. ஒரு முதலீட்டுச் சுற்று முடிந்ததும் அடுத்த சுற்றுக்குரிய வளர்ச்சி இலக்கு வைக்கப்படுகிறது. வினை உண்டு, வினைமுற்றல் இல்லை. வெள்ளி இரவுகளில் மடிவாளாவிலிருந்து சேலத்திற்கும் மதுரைக்கும் பேருந்து ஏறும் தமிழ் இளைஞரின் பயணம், வினைமுற்றி மீளும் தலைவனின் தேர்ப்பயணத்தை நினைவூட்டுவது. ஆனால் மடிக்கணினியும் அவரோடு பயணம் செய்கிறது. பருவம் வந்தும் மீட்சி நிகழாமையே இன்றைய பிரிவின் தனித்தன்மையாகும்.

மேலும், ஒருவர் பணியில் நீட்டிக்கும் நேரத்தை வீட்டில் மற்றொருவர் ஈடுசெய்ய வேண்டியுள்ளது. 2024ஆம் ஆண்டின் தேசியக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும், ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிட்டனர். அலுவலகத்தில் பணிபுரியும் பெண்ணுக்கு வரம்பிலாப் பணி என்பது இருமுனைச் சுமையாகிறது என்பதை இதனால் உணரலாம்.

உடன்பாடு அறமாகுமா?

‘எவரையும் வற்புறுத்தவில்லை, விரும்பியே உழைக்கின்றனர்’ என்பது நிறுவனங்களின் தரப்பில் கூறப்படும் வலுவான வாதம். புதிய ஒன்றை உருவாக்கும் மகிழ்ச்சியில் இரவைப் பகலாக்குவோர் உண்மையிலேயே உள்ளனர். பணியாளர்க்கு நிறுவனப் பங்குரிமை வழங்கப்படுவதால் அவர்களும் உடைமையாளரே என்றும் கூறப்படுகிறது. எனினும் அப்பங்குரிமை பெரும்பாலும் நான்காண்டுகளில் படிப்படியாகவே கைக்கு வருகிறது. முதலாண்டு முடியுமுன் விலகுவோர்க்கு வழக்கமாக எதுவும் கிடைப்பதில்லை. நிறுவனரும் பணியாளரும் ஒரே இரவில் விழித்திருந்தாலும் இருவரும் பெறவிருப்பது ஒன்றன்று. மறுத்தால் பதவி உயர்வு தவறும் என்னும் அச்சம் இருக்குமாயின், அவ்வுடன்பாட்டை முழுமையான உடன்பாடு எனக் கொள்ளவியலாது.

‘யானும் அவ்வாறே உழைத்தேன்’ என்னும் நிறுவனரின் கூற்றையும் நோக்க வேண்டும். நெடுநல்வாடையில் பாசறை வேந்தன் நள்ளிரவிலும் உறங்காமல், வாடைக்காற்றில் நடந்து, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் அளிக்கிறான். அவனது விழிப்பு பிறரது உறக்கத்தைக் கெடுக்கும் உரிமையாக மாறவில்லை. அவர்தம் புண்ணைக் காணும் கடமையாகவே அமைந்தது. தலைமையின் உழைப்புக்கு அறமதிப்பு உண்டாவது இவ்விடத்திலேயே எனலாம். வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் அச்சு முறியும் வண்டியும், மென்மையான மயிலிறகேயாயினும் ஏற்றுவோர் அளவறிய வேண்டும் என்பதையே உணர்த்துகிறது.

முடிவுரை

கடும் உழைப்பைக் கோருவது அறப்பிழை அன்று. எல்லை கூறாமல் கோருவதே பிழையாகும். ஒரு வெளியீட்டிற்காகச் சில வாரங்கள் மிகுதியாக உழைக்குமாறு கேட்கும் நிறுவனம், அது முடியும் நாளையும் அதற்குரிய ஓய்வையும் முன்னரே கூறக் கடமைப்பட்டுள்ளது. மறுப்போர் இழப்பின்றி மறுக்கவும் இடம் இருத்தல் வேண்டும். பணிநேரத்திற்குப்பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையைப் பிரான்சு 2017இலும் ஆஸ்திரேலியா 2024இலும் நடைமுறைப்படுத்தியமை இவ்வெல்லையைச் சட்டத்தால் மீட்கும் முயற்சிகளாகும். எனினும் சட்டம் மணிக்கணக்கை மட்டுமே அளக்க வல்லது. வீட்டில் ஒருவர் காத்திருக்கிறார் என்னும் உணர்வு நிறுவனத்தின் கணக்கிலும் இடம்பெற வேண்டும். முல்லை மரபு வினையையும் காத்திருப்பையும் ஒருங்கே மதித்தமை, இவ்வகையில் இன்றைக்கும் பொருந்துவதாகிறது.