அறிந்த குறையும் அறிய மறுத்த குறையும்

விற்பவன் பொய் சொல்லக் கூடாது என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. வாங்குபவன் கேட்காததை விற்பவன் தானாகவே சொல்ல வேண்டுமா என்பதில்தான் மனிதர்கள் காலங்காலமாகப் பிரிந்து நிற்கிறார்கள். இந்த வினா எனக்கு ஏட்டிலிருந்து வரவில்லை. நானும் தம்பியும் சேர்ந்து நெல்லும் உரமும் ஏற்றுவதற்குப் பாவித்த பழைய டபிள் கெப் வண்டியின் கியர் பொக்ஸிலிருந்து வந்தது.

அது ஓட்டோ கியர் வண்டி. காலையில் குளிர்ந்த நிலையில் எந்தக் குறையும் தெரியாது. பாரத்துடன் அரை மணி நேரம் ஓடிய பின்னர் எஞ்சின் இரையும், வண்டி இழுக்காது. ரிவர்ஸ் போட்டால் இரண்டு மூன்று விநாடி கழிந்த பின்னரே பிடிக்கும்.

கையால் கியர் மாற்றும் வண்டியில் கிளச் தேய்ந்தால் ஓட்டுபவனின் கால் அதை அறியும். ஓட்டோவில் காலுக்கு அந்த வேலை இல்லை. எஞ்சினின் சக்தியை டோர்க் கன்வேட்டர் வழியாகக் கடத்துவதும், உள்ளேயுள்ள கிளச் தட்டுகளை அழுத்திப் பிடிப்பதும், சூட்டை வெளியே கொண்டு செல்வதும் ஒயில்தான். புதிய ஒயில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கெட்டுவிட்டால் கபில நிறமாகிக் கருகிய வாடை வீசும். சூடேற ஒயில் நீர்த்துப் போகிறது. தேய்ந்த சீல்களினூடாகக் கசிந்து அழுத்தம் குறைகிறது. தட்டுகள் வழுக்குகின்றன. வழுக்கினால் மேலும் சூடு, சூட்டினால் மேலும் தேய்வு. குளிர்ந்த வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவருக்கு இவற்றில் ஒன்றும் புலப்படாது. தடித்த ஒயிலோ வேறு ஏதும் கலவையோ ஊற்றிச் சில காலத்துக்கு மறைத்து வைக்கவும் முடியும்.

கராஜ் பாஸ் சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தது. "சேர், பொக்ஸக் கழட்டினா என்ன பழுதெண்டு தெரியும். விக்கிற எண்ணம் இருந்தாக் கழட்டாதீங்க. கழட்டாத வரைக்கும் உங்களுக்கு ஒண்டும் தெரியாதுதானே."

அவர் கெட்ட மனிதர் அல்லர். எனக்கு நன்மை செய்வதாகவே நினைத்தார். பொய் சொல்லவும் வேண்டியதில்லை, உண்மையைச் சொல்லவும் வேண்டியதில்லை. அறியாமை என்ற மூன்றாவது பாதையை அவர் எனக்குக் காட்டினார். அப்படியொரு பாதை உண்மையில் உண்டா?

கி.மு. 44 இல் ரோமானிய அறிஞர் சிசரோ கடமைகள் பற்றி எழுதிய நூலில் இத்தகைய ஒரு வழக்கு வருகிறது. ஒருவர் தமது வீட்டை விற்கிறார். அதன் மரங்கள் உளுத்தவை, அறைகளில் பாம்புகள் வருகின்றன. அது அவருக்கு மட்டுமே தெரியும். அவர் சொல்ல வேண்டுமா? ஸ்டோயிக் தத்துவவாதிகளான பாபிலோனிய டயோஜெனிசும் அவரது மாணவர் அந்திபேற்றரும் இத்தகைய வழக்குகளில் முரண்படுகிறார்கள். சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு என்பது ஆசிரியரின் கட்சி. வாங்குபவன் தவறி விழுவதைத் தெரிந்துகொண்டே விட்டுவிடுவது, வழி தெரியாதவனுக்கு வழி காட்ட மறுப்பதிலும் கொடியது என்பது மாணவரின் கட்சி. சிசரோவின் தீர்ப்பு மாணவரின் பக்கமே சாய்ந்தது.

இமாம் மாலிக்கின் முவத்தாவில் பதிவாகியுள்ள ஒரு வழக்கு இன்னும் ஒரு படி ஆழமாகச் செல்கிறது. அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) ஓர் அடிமையை, குறைகளுக்குத் தாம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையுடன் 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். அடிமைக்கு ஒரு நோய் இருந்ததாகவும் அது தமக்குச் சொல்லப்படவில்லை என்றும் வாங்கியவர் முறையிட்டார். வழக்கு கலீபா உஸ்மான் (ரழி) அவர்களிடம் சென்றது. நிபந்தனை போட்டாயிற்று, வழக்கு முடிந்தது என்று அவர்கள் தீர்க்கவில்லை. அந்த நோயை அறியாமலேயே விற்றதாகச் சத்தியம் செய்யுமாறு கேட்டார்கள். இப்னு உமர் மறுத்து, அடிமையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பின்னர் அந்த அடிமை குணமடைந்து 1500 திர்ஹத்துக்கு விலை போனது தனிக்கதை. மனிதன் விலைபொருளாக இருந்த அந்த வழமை இன்று இல்லை. ஆனால் வழக்கில் எழுந்த கேள்வி எஞ்சியிருக்கிறது. நிபந்தனை என்ன என்பதல்ல, உனக்கு என்ன தெரியும் என்பதே அந்தக் கேள்வி.

அந்தக் கேள்விக்கு முன்னால் பாஸின் மூன்றாவது பாதை நிற்காது. பொக்ஸுக்குள் எந்தத் தட்டு தேய்ந்தது, எந்த சீல் போனது என்பது எனக்குத் தெரியாது என்று சத்தியம் செய்யலாம். வண்டி சூடேறினால் வழுக்கும் என்பது தெரியாது என்று செய்ய முடியாது. நோயின் பெயர் தெரியாதது, நோய் தெரியாததாகிவிடாது. கழற்றிப் பார்க்காதே என்று ஒருவன் தனக்கே சொல்லிக்கொள்வது, உள்ளே இருப்பது இன்னதென்று அவன் ஏற்கனவே ஊகித்துவிட்டதால்தான்.

தம்பியின் வாதம் இலேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. "பழைய வாகனம் எண்டாலே எல்லாரும் சந்தேகப்பட்டு விலையக் குறைச்சித்தான் கேக்கிறாங்க. நாம உண்மையும் சொன்னா ரெண்டு தரம் நட்டம், காக்கா" என்றான். அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொப் 1970 இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் பொருளும் இதுவே. பழைய கார்ச் சந்தையில் குறையை விற்பவன் மட்டுமே அறிவான். ஆகவே வாங்குபவன் எல்லா வண்டிகளையும் சந்தேகித்து விலை குறைக்கிறான். நல்ல வண்டி வைத்திருப்பவன் அந்த விலைக்கு விற்க மனமின்றிச் சந்தையை விட்டே விலகுகிறான். தம்பி அக்கர்லொப்பை வாசித்ததில்லை, ஆனால் சந்தையைச் சரியாகவே வாசித்திருந்தான். அவன் கவனிக்காதது ஒன்றுதான். அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர்கள் மௌனமாக விற்றவர்களே. நாமும் மௌனமாக விற்றால் அடுத்து விற்க வருபவனின் விலையிலும் கைவைக்கிறோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. இன்றும் பழைய வண்டி தேடி வருபவர் பெரும்பாலும் எங்களைப் போன்ற ஒருவர்தான். நகையை அடகு வைத்து வருகிறார், அல்லது ஒரு போக விளைச்சலைக் காசாக்கி வருகிறார். அவரிடம் மறைக்கப்படும் பழுது, வயலுக்கும் ஆலைக்கும் இடையில் நெல் மூட்டைகளுடன் அவரை நிறுத்திவிடும்.

வந்தவர்களிடம் குறையைச் சொன்னோம், வண்டியைச் சூடாக்கி ஓட்டிப் பார்க்கவும் விட்டோம். இருவர் திரும்பிப் போனார்கள். மூன்றாமவர், ரீகண்டிஷன் கியர் பொக்ஸ் ஒன்று போடும் செலவைக் கழித்து விலை பேசி எடுத்துக்கொண்டார். தம்பியின் மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. என் பங்கில் நான் தாராளமாக இருக்கலாம், அவன் பங்கில் இருக்க எனக்கு என்ன உரிமை என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். அவனுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளம் என்பது நம்முடையதைக் கொடுப்பது. கழிக்கப்பட்ட தொகை, வாங்குபவரின் அறியாமைக்கு நாம் கேட்கவிருந்த விலை. அதில் அவனுக்கும் பங்கில்லை, எனக்கும் பங்கில்லை.