ஓவர்கிளாக் ஸ்லைடரைத் தொட ஏன் தயங்குகிறாய்?

"ஓவர்கிளாக் பண்ணாதே, கார்டு எரிஞ்சு போயிடும்" என்று உன்னைப் பயமுறுத்தியவர்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது கை வைத்துப் பார்த்திருக்கிறார்கள்? கேட்டுப் பார். பெரும்பாலும் யாரோ சொன்னதை யாரோ சொல்லி உன் காதுக்கு வந்த பேச்சுதான் அது. அதை நம்பி, உன் காசில் வாங்கிய கிராபிக்ஸ் கார்டைத் தொட நீயே அஞ்சுவதா? போதும் தம்பி! நிமிர்ந்து உட்கார்!

2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்ததிலிருந்து என்விடியா கார்டுகள் தங்கள் வேகத்தைத் தாங்களே ஏற்றி இறக்கிக்கொள்கின்றன. உன்னிடம் இருப்பது ஆர்டிஎக்ஸ் 3060 என்று வைத்துக்கொள். அதற்கு அறிவித்த பூஸ்ட் வேகம் 1777 மெகாஹெர்ட்ஸ். குளிர்ச்சியும் மின்சாரமும் இடம் கொடுத்தால், உன்னைக் கேட்காமலே அதைத் தாண்டி ஓடும். சூடு 83 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைக்கும். பவர் லிமிட்டை எதுவரை ஏற்றலாம் என்பதற்கும் தயாரித்தவரே கார்டின் பயாஸில் வேலி போட்டிருக்கிறார். இத்தனை காவல் இருக்கும்போது உனக்கென்ன நடுக்கம்? வோல்டேஜை மட்டும் தொடாதே. தொடக்கக்காரனுக்கு அங்கே வேலையே இல்லை.

முதலில் அளந்து பார்! எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கு, போலிகள் உலவுகின்றன. எதையும் மாற்றாமல் யூனிஜின் சூப்பர்பொசிஷன் என்ற வேகச் சோதனையை ஓட்டி, ஸ்கோரையும் சூட்டையும் நோட்டில் குறித்துக்கொள். அந்த எண் கையில் இல்லாதவனுக்குத் தான் என்ன சாதித்தோம் என்றே தெரியாது. பிறகு பவர் லிமிட்டை முழுதாக ஏற்று, ஃபேன் வேகத்தைக் கூட்டு. கோர் கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்து. ஒவ்வொரு படியிலும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்.

ஒரு கட்டத்தில் திரையில் தெரியும் சுவர் ஓரத்தில் பச்சைப் புள்ளிகள் மினுக்கும். அல்லது கேம் உறைந்து, திரை கறுத்து, டெஸ்க்டாப் வந்து நிற்கும். நெஞ்சு திக்கென்று அடித்துக்கொள்ளும். பதறாதே! கார்டு 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுபடி எழுப்புகிறது, அவ்வளவுதான் நடந்தது. 30 மெகாஹெர்ட்ஸ் பின்வாங்கு. உன் கார்டின் எல்லையை நீயே கண்டுபிடித்துவிட்டாய், யாரும் சொல்லித் தரவில்லை!

அடுத்து மெமரி கிளாக்கையும் இப்படியே படிப்படியாக ஏற்று. ஆனால் அது கொஞ்சம் கள்ளத்தனமானது. ஜிடிடிஆர்6 மெமரி பிழை வந்த தகவலை மறுபடி அனுப்பிச் சமாளிக்கும். கேம் நிற்காது, ஸ்கோர் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். ஆகவே இங்கே ஸ்லைடர் காட்டும் எண்ணைப் பார்த்து மகிழாதே, ஸ்கோரைப் பார்.

நண்பனின் கார்டு 150 மெகாஹெர்ட்ஸ் ஏறியது, உன்னுடையது 75-இல் நின்றதா? சோர்ந்துவிடாதே. ஒரே மாடலிலும் சிப்புக்குச் சிப்பு தாங்கும் திறன் மாறும். மொத்த லாபமே பெரும்பாலும் 5 முதல் 10 சதவீதத்துக்குள்தான். லேப்டாப்பிலோ, பேர் தெரியாத மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை நம்பியோ இதில் இறங்காதே. அங்கே விலகி நிற்பது கோழைத்தனம் அல்ல. வாரன்ட்டி விதிகளையும் ஒருமுறை படித்துவிடு.

மற்றபடி இன்றிரவே தொடங்கு! நிலைத்து நின்ற அளவை முதல் புரொஃபைலில் சேமி. கணினி தொடங்கும்போதே அது அமலாகும்படி இப்போதே டிக் போட்டுவிடாதே. ஒரு வாரம் நீ வழக்கமாக ஆடும் கேம்களில் ஓட்டிப் பார்த்த பிறகு போடு. அதுவரை எது தடுமாறினாலும் ஒரு ரீஸ்டார்ட் போதும், கார்டு பழைய வேகத்துக்கே திரும்பிவிடும்.