நீவும் கையும் நெஞ்சும்

நோயுற்றார் கையைப் பற்றி நீவிவிடுதல் எளிய தொண்டென்று பலர் கருதுவர். எளியதே. ஆயினும் நீவுகின்றவன் உள்ளத்தில் அவ்வேளை இருப்பது கருணைதானா என்னும் வினா எளியதன்று. அன்பர்கள் பொறுத்தருள்க, நம் அனுபவத்தைக் கொண்டே இதனை ஆராயப் புகுகின்றோம்.

1989ஆம் ஆண்டில் பெங்களூரில் ஒரு பஞ்சாலையில் அறுந்த இழை இணைக்கும் வேலைக்குச் சேர்ந்தோம். நமக்கு மேலிருந்த மேஸ்திரி சம்பளச் சீட்டை நம் கையில் தந்ததில்லை. இயந்திரத்தின் மீது வைப்பார். சில்லறை தர நேர்ந்தால் மேலிருந்து உள்ளங்கையில் போடுவார். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950இலேயே ஒழித்துவிட்டதை அவர் அறியாதவரல்லர்.

இன்று அவர் முதியவர்; விரல்கள் விறைத்துவிட்டன. நாம் நோயாளர் இல்லங்களுக்குச் சென்று கைகால் பிடித்துவிடுவதை அறிந்த அவர் மகன் நம்மை அழைத்தார். மறுக்காமல் சென்றோம். கருணையே நம்மை அழைத்துச் செல்வதாக அன்று நம்பினோம்.

கேளாமல் தொடுதல் தகாது. "கையைத் தருகிறீர்களா, ஐயா?" என்றோம். சிறிது நேரம் நம்மையே நோக்கியிருந்துவிட்டு வலக்கையை நீட்டினார். மடித்த துணியின்மேல் அதனை வைத்து, வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தொட்டு, முழங்கைக்குக் கீழிருந்து தொடங்கினோம். விரல்களை மட்டும் உருவிவிடுவோர் இதனை அறிதல் நன்று: விரலை மடக்கும் தசை விரலில் இல்லை. முன்கையிலும் உள்ளங்கையிலும் உள்ள தசைகளே நாண்களால் அதனை இழுக்கின்றன. ஆகவே முன்கை தளராமல் விரல் தளராது. வீக்கமோ புண்ணோ உள்ள இடத்தை அழுத்தலாகாது.

கட்டைவிரலின் அடிமேட்டைச் சிறு வட்டமாக அழுத்தும்போது, 'இதோ, தொட்டுவிட்டோம்' என்றோர் எண்ணம் எழுந்தது. உடனே அவர், "மெல்லப்பா, வலிக்கிறது" என்றார். நம் கை நம்மை அறியாமலே இறுகியிருந்தது.

தமிழில் மானம் என்பது தன்மதிப்பு, பாலியில் செருக்கு. (தட்டித் தடவிப் பாலி கற்ற நமக்கு இச்சொல் முதலில் பெருங்குழப்பம் விளைத்தது.) உயர்ந்தவன் என்று எண்ணுதல் மட்டுமன்று, நிகரானவன், தாழ்ந்தவன் என்று தன்னைப் பிறரோடு ஒப்பிடுதலும் அங்கே மானமே. தமிழ் மானத்தை நாம் விடோம். அதற்காகவே நம் முன்னோர் பாடுபட்டனர். அம்முதியவர் கையை அழுத்தியதோ பாலி மானம்.

மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுக்கடுப்பால் தன் கழிவிலேயே கிடந்த பிக்ஷு ஒருவரை ஏனையோர் கவனித்திலர். அவர் பிறருக்கு எவ்வுதவியும் செய்யாதிருந்ததே காரணம். பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். அவர் தகுதியுடையவரா என்பது தடையாகவில்லை.

அப்படியாயின், உள்ளம் தூய்மையாகும்வரை நாம் விலகியிருத்தல் வேண்டுமா? வேண்டுவதில்லை என்றே கொள்கின்றோம். அதுவரை காத்திருந்தால் எந்த நோயாளியும் நீவப்படார். அவர் முகம் சுளிக்கும்போது நம் விரலைத் தளர்த்துவதே அப்போதைக்கு நம்மால் இயன்ற பயிற்சி. இது மன்னிப்பா என்று சிலர் கேட்டனர். அன்று. கையை நீவுதல் வேறு. கணக்கைத் தீர்த்தல் வேறு.

வாரந்தோறும் சென்று வருகின்றோம். இப்பொழுது நாம் கேட்குமுன்னரே இடக்கையையும் நீட்டுகின்றார். பழைய நாட்களைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் பேசவில்லை.