நியாயாசனத்தில் தந்தை

தன் விதிகளுக்கு உட்படாத ஒருவனை ஒரு சமயச் சபை விலக்கிவைக்கலாமா என்னும் கேள்விக்கு விடை காண்பது அவ்வளவு கடினமன்று. விலக்கலாம் என்றே சொல்லவேண்டியிருக்கும். விதியென்று ஒன்றை வகுத்துக்கொண்டு, அதை அனுசரிக்கிறவனையும் அனுசரிக்காதவனையும் பேதமின்றி ஒரே வரிசையில் அமரச்செய்யும் சபை காலக்கிரமத்தில் சபையாக இராது. கடினமானது அதற்கு அடுத்த கேள்வி. சபை விலக்கிய ஒருவனை அவனைப் பெற்றவர்களும் விலக்கவேண்டுமா, அந்த விலக்கத்தைப் பெற்றவர்களின் கையைக் கொண்டே நிறைவேற்றிக்கொள்ளும் உரிமை எந்தச் சபைக்காவது உண்டா என்பது அது. 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘லேட்டர் டேஸ்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம், மேலோட்டமாகப் பார்க்கிறவர்களுக்கு இரண்டு ஆண்களின் காதற்கதையாக மட்டுமே தோன்றினாலும், சற்று நின்று யோசிக்கிறவர்களை இந்தக் கேள்வியின்முன் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதனை எழுதி இயக்கிய சி. ஜே காக்ஸ் மார்மன் சபை மரபில் வளர்ந்து, இளமையில் அச்சபையின் மிஷனரியாக ஊழியமும் செய்து, பிற்பாடு தாம் ஆணை நேசிக்கும் ஆண் என்பதை உலகறியச் சொல்லிக்கொண்டவர். கதை சிக்கலில்லாதது. ஐடஹோ மாநிலத்துப் பொக்கடெல்லோ நகரத்து வாலிபனாகிய ஏரன் டேவிஸ், சபை வழக்கப்படி இரண்டு வருஷ ஊழியத்துக்காக லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அனுப்பப்படுகிறான். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து, மார்பிலே ‘எல்டர்’ என்று பொறித்த பெயர்ப்பட்டையுடன், எந்நேரமும் இணை ஊழியனை விட்டுப் பிரியாமல் வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டவேண்டிய வாழ்க்கை அது. அவனுடைய குடியிருப்பிலேயே கிறிஸ்டியன் என்னும் மற்றொரு வாலிபன் வசிக்கிறான். உணவு விடுதியில் பரிமாறுகிற வேலை, இரவுதோறும் புதிய சகவாசம், மறுநாள் காலையில் பெயர்கூட நினைவிராத சிற்றின்பம் என்று நாட்களைக் கழிப்பவன். இந்த மார்மன் பையன்களில் ஒருவனை மயக்கிக் காட்டுவதாக அவன் தோழர்களிடம் ஐம்பது டாலர் பந்தயம் கட்டுகிறான். அங்கே தொடங்குகிறது கதை.

படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சபையின் கொடுமையை மட்டுமே கண்டு இந்தப் பந்தயத்தை ஒரு வேடிக்கையாகக் கடந்துபோய்விடுகிறார்கள். அது நியாயமன்று. பிறனுடைய பக்தியை, உடைத்துப் பார்க்கவேண்டிய மேலோடாகக் கருதிப் பணயம் வைக்கிறவன், அந்தப் பிறனுடைய காதலை வியாதியாகக் கருதி மருந்து தேடுகிறவனைக் காட்டிலும் எவ்விதத்தில் மேலானவன்? பக்தி பொய், ஆசை மாத்திரமே மெய் என்கிறான் ஒருவன். ஆசை பொய், பக்தி மாத்திரமே மெய் என்கிறார்கள் மற்றவர்கள். ஏரனுக்கோ இரண்டும் மெய். அவன் பாசாங்குக்காரனல்லன், தான் பிரசங்கிக்கும் தேவனை உள்ளபடியே விசுவாசிக்கிறான், பக்கத்து வீட்டுக்காரனையும் உள்ளபடியே நேசிக்கத் தொடங்குகிறான். முதலில் கிறிஸ்டியன் நெருங்கிவந்து, இதற்கெல்லாம் அர்த்தம் எதுவும் தேடவேண்டியதில்லை என்கிறபோது, அர்த்தமில்லாத ஒன்று தனக்கு வேண்டாமென்று அவன் மறுத்துவிட்டுப் போகிறானே, அந்த மறுப்பு சபை அவனுக்குக் கற்பித்த பாடத்திலிருந்தே பிறந்தது. அந்த வார்த்தை தைத்தபிறகுதான் கிறிஸ்டியன், எய்ட்ஸ் நோயால் வீட்டில் முடங்கிக்கிடப்பவர்களுக்கு உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் தர்ம காரியத்தில் சேருகிறான். மார்மன் சமயம் இந்தக் கதையில் அழித்தது பல. ஆயினும் பந்தயக்காரனை மனிதனாக்கியதில் அதற்கும் ஒரு பங்கு உண்டென்பதை மறைக்காமல் காட்டியிருப்பது படத்தின் நேர்மை.

இருவரும் முத்தமிட்டுக்கொண்டதை இணை ஊழியர்கள் பார்த்துவிட, ஏரன் அவமானத்தோடு ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறான். வழியில் ஸால்ட் லேக் நகரில் பனிப்புயலால் விமானம் தடைப்பட, தேடிவந்த கிறிஸ்டியனுடன் ஓர் இரவு தங்குகிறான். அதன்பின் பொக்கடெல்லோவில் சபை மூப்பர்கள் விசாரணைக்குக் கூடுகிறார்கள். அவர்களுக்குத் தலைமை வகித்து அவனைப் பிரஷ்டம் செய்பவர் ஸ்டேக் தலைவர், அதாவது பல உள்ளூர்ச் சபைகள் அடங்கிய வட்டாரத்துக்குப் பொறுப்பாளர். அவர் வேறு யாருமல்லர், ஏரனுடைய தகப்பனார்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் உண்மையிலே ஒரு தகப்பனையே நியாயாசனத்தில் அமர்த்துவார்களா, இன்னொருவரிடம் விசாரணையை ஒப்படைக்கமாட்டார்களா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே, ஆயினும் நாடகம் பலரிடத்தில் சிதறிக்கிடப்பதை ஓரிடத்தில் குவித்துக் காட்டும் கலையாதலால், அக்குறையைப் பெரிதுபடுத்தவேண்டியதில்லை. மார்மன் சபையில் சம்பளம் பெறும் குருமார் வர்க்கம் இல்லை. பிஷப்பும் ஸ்டேக் தலைவரும் வாரநாட்களில் கடை நடத்துகிறவர்கள், பள்ளியில் போதிக்கிறவர்கள், வயல் உழுகிறவர்கள். தீர்ப்புச் சொல்லும் வாயும் மறுநாள் தெருவில் குசலம் விசாரிக்கும் வாயும் ஒன்றாகவே இருக்கும் அத்தகைய சமூகத்தில், சபையின் தீர்ப்பு எங்கே முடிகிறது, உற்றாரின் முகச்சுளிப்பு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது. தகப்பனைத் தலைமையில் அமர்த்தியதன்மூலம், அந்தக் கோடு இல்லாமையைத்தான் காக்ஸ் கண்ணுக்குத் தெரியச் செய்திருக்கிறார்.

அப்பெற்றோரை அரக்கர்களென்று தள்ளிவிடுவதும் உண்மைக்குப் பொருந்தாது. 1830-இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஸ்தாபித்த பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் இந்த மார்மன் சபை மற்றக் கிறிஸ்தவ சபைகளிலிருந்து வேறுபடும் இடங்களில் தலையாயது விவாகத்தைப் பற்றிய அதன் சித்தாந்தம். மரணம்வரை மட்டுமன்று, மரணத்துக்கு அப்பாலும் நித்தியகாலமாக நிலைக்கும்படி ஆலயத்தில் கணவனையும் மனைவியையும் முத்திரையிட்டு இணைக்கிறார்கள். பிள்ளைகளும் அந்தப் பந்தத்தில் சேர்கிறார்கள். பரலோகத்தின் மிக உயர்ந்த படி அவ்வாறு இணைக்கப்பட்ட தம்பதியருக்கே உரியது. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பெற்ற பிள்ளையைச் சாவும் பிரிக்காது என்ற நம்பிக்கையைக் காட்டிலும் ஒரு தாய்க்கு இனிய நம்பிக்கை வேறெது இருக்கக்கூடும்? ஆனால் அந்த இனிமையேதான் இங்கே விஷமாகிறது. குடும்பம் நித்தியமானது என்று போதியாத சமயத்தில், வழிதவறிய மகனைப் பெற்றவள் அவனுக்காக அழுவாள், ஜெபிப்பாள், சோறும் போடுவாள்; நித்தியமானது என்று நம்புகிற தாய்க்கோ, மகன் ஓர் ஆணை நேசிப்பது முடிவற்ற காலத்துக்குக் குடும்பம் துண்டிக்கப்படுவதாகும். ஆகையால் எவ்வளவு அன்போ அவ்வளவு கண்டிப்பு. மேரி கே பிளேஸ் நடித்திருக்கும் அந்தத் தாய், இதுவே தன் இயல்பாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும் மகனைக் கன்னத்தில் அறையும்போது, அந்தக் கையில் துவேஷத்தைக் காட்டிலும் பீதியே மிகுதி.

மகன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைக்கிறான். பெற்றோர் அவனைக் ‘குணப்படுத்தும்’ நிலையம் ஒன்றில் சேர்க்கிறார்கள். மிகைப்படுத்தல் என்று எவரேனும் இதைக் கருதினால் சரித்திரத்தை நினைவூட்டவேண்டும். சபைக்குச் சொந்தமான பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 1970-களில் இத்தகைய வாலிபர்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து வெறுப்பை உண்டாக்கும் சோதனைகள் நடந்திருக்கின்றன. விவாகம் செய்துவைத்தால் மாறிவிடுவான் என்ற யோசனையும் நெடுங்காலம் வழங்கிற்று. விவாகத்தை இதற்குச் சிகிச்சையாகக் கொள்ளலாகாதென்று சபைத் தலைமையின் கார்டன் ஹிங்க்லி 1987-இல் சொல்லவேண்டி வந்தது. அந்த யோசனையின்படி மணந்துகொள்ளப்பட்ட பெண்களின் துயரத்தை எழுத யார் முன்வந்தார்கள் என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய கேள்வி.

அன்பினால் செய்தார்கள் என்பது செயலை விளக்குமேயன்றி நியாயமாக்காது. ஒரு செயல் யார்மீது செய்யப்படுகிறதோ அவனுடைய நன்மை இன்னதென்று அவனைக் கேளாமலே தீர்மானித்துவிட்டு, அந்தத் தீர்மானத்துக்கு அன்பென்று பெயரிடும்போது, அன்பு தன் விஷயமாகிய மனிதனை இழந்துவிடுகிறது. அவர்கள் காப்பாற்ற முயன்றது ஏரனையன்று. பரலோகத்துக் குடும்பத்தில் அவனுக்கென்று தாங்கள் கற்பித்துவைத்திருந்த ஸ்தானத்தை.

சபையின் பக்கத்தில் நிற்பவர்களுக்கு ஆதாரமாக அமையக்கூடிய சிறந்த வாதம் ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவஞானி 1689-இல் வெளியிட்ட, சமய சகிப்பைப் பற்றிய நிருபத்தில் இருக்கிறது. சபையென்பது மனிதர்கள் தாமாக வந்து சேரும் சங்கம். எவனும் பிறப்பினால் எச்சபைக்கும் உறுப்பினனாவதில்லை. ஆதலின் சங்கத்துக்குத் தன் விதியை மீறுகிறவனை நீக்கும் உரிமை உண்டு. ஆனால் நீக்கப்பட்டவனுடைய உயிர், சுதந்திரம், தேக சுகம், சொத்து ஆகியவற்றை அது தொடலாகாது என்பது அவருடைய முடிவு. அழகான பாகுபாடுதான். படம் வெளிவந்த அதே 2003-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், லாரன்ஸ் எதிர் டெக்ஸஸ் வழக்கில், வயதுவந்த இருவர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் சட்டங்கள் செல்லா என்று தீர்ப்பளித்து, லாக் வகுத்த எல்லையின் இப்புறத்தை ஒருவாறு பத்திரப்படுத்திவிட்டது. ஆனால் லாக்கின் பட்டியலில் வீடும் நிலமும் உண்டு, வீட்டுச் சாமான்கள்கூட உண்டு; தாய் தந்தையர் இல்லை. அவர்களையும் ஒரு சபை எடுத்துக்கொள்ளக்கூடும் என்று அவர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றியும், தாமாக வந்து சேர்ந்தவர்கள் என்ற அஸ்திவாரமே இங்கே ஆட்டங்காண்கிறது. மார்மன் குழந்தைக்கு எட்டாம் வயதில் ஞானஸ்நானம். அதைப் பொறுப்பறியும் வயதென்று சபை கொள்கிறது. எட்டு வயதுச் சிறுவன் எதிர்காலத்தில் தன் இருதயம் யாரை நாடும் என்பதை அறிந்தா தண்ணீரில் இறங்குகிறான்? படிப்பு, நட்பு, விளையாட்டு, ஊழியம், நாளைக்கு வாய்க்கப்போகும் மனைவி என்று ஒருவனுடைய வாழ்வு முழுவதையும் தன் சுவருக்குள்ளேயே அமைத்துக் கொடுத்த சபை, பிற்பாடு வாசலைக் காட்டி, வெளியே போக உனக்குப் பூரண சுதந்திரம் உண்டு என்று சொல்லுமானால், அது சொல்லளவில் மெய்யாயிருந்தும் பொருளளவில் மெய்யாகாது. விலக்கும் உரிமை மற்றச் சங்கங்களைப்போலவே இச்சபைக்கும் இருக்கலாம். ஆனால் விலக்கப்படுகிறவன் இழக்கும் பொருள் எவ்வளவு பெரியதோ, அதுவும் அந்தப் பொருளை அவ்வளவு பெரிதாக வளர்த்தது சபையே என்னும்போது, அவ்வளவுக்கு அந்த உரிமை சுருங்கவேண்டும். குறைந்தபட்சம், இழப்பில் பெற்றோரைச் சேர்க்காமலாவது இருக்கவேண்டும்.

சித்தாந்தம் மாறாதது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது வழக்கமான சமாதானம். இதைச் சொல்வதற்கு மற்றெந்தச் சபையைக் காட்டிலும் மார்மன் சபைக்கு உரிமை குறைவு. தீர்க்கதரிசியின் வாயிலாகத் தேவன் இன்றும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதே அதன் பெருமை. பலதார விவாகத்தை 1852-இல் பகிரங்கமாக அறிவித்துத் தெய்வ ஆணையென்று காத்தவர்கள் 1890-இல் அதைக் கைவிட முன்வந்தார்கள். ஆப்பிரிக்க வம்சத்து ஆண்களுக்கு மறுத்துவந்த ஆசாரியத்துவத்தை 1978-இல் அளித்தார்கள். எதிர்த்தரப்பார் சொல்வதிலும் சாரம் இல்லாமலில்லை: அந்த மாற்றங்கள் யார் யாருக்கு, எத்தனை பேருக்கு என்பவற்றைத் தொட்டன, ஆணும் பெண்ணும் இணைவதே முக்தியின் உருவம் என்ற மூலக்கருத்தைத் தொடவில்லை. ஒத்துக்கொள்ளலாம். அப்படியானாலும் 2015 நவம்பரில், ஒரே பாலைச் சேர்ந்தவரை மணந்துகொண்டவர்கள் விசுவாசத் துரோகிகள் என்றும், அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதுக்குமுன் ஞானஸ்நானம் பொதுவாக இல்லை என்றும் விதித்த சபை, 2019 ஏப்ரலில் அந்த விதியைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டதே! பெற்றோரின் செயலுக்காகப் பிள்ளையை விலக்குவது மூன்றரை வருஷம்கூடத் தாங்கவில்லை; பிள்ளையின் செயலுக்காகப் பெற்றோரைப் பறிப்பது அதைவிட நியாயமானதென்று யார் நிரூபிப்பார்கள்?

படத்துக்கும் குறை உண்டு. நிலையத்திலிருந்து வெளியேறும் ஏரன் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஓடிவந்து, கிறிஸ்டியன் வேலைசெய்யும் விடுதியை வந்தடைகிறான். விடுதியின் சொந்தக்காரி லைலாவாக ஜாக்குலின் பிஸ்ஸெட் நடிக்கிறார். தன் துணையைச் சாகக்கொடுக்கும் வேளையில், இன்னாரென்று அறியாமலே ஏரனிடம் ஆறுதல் பெற்றவள் அவள். அவளுடைய மேஜையைச் சுற்றி எல்லாரும் கூடி உண்ண, தன் பந்தியில் இவர்களுக்கு என்றும் இடமுண்டு என்கிறாள். உள்ளம் நெகிழும் முடிவுதான். ஆயினும் அது கேள்வியைத் தீர்க்காமல் சுற்றிக்கொண்டு போகிறது. பெற்ற குடும்பத்துக்குப் பதிலாக ஒரு புதுக் குடும்பத்தைக் கொடுத்துவிட்டால் கணக்கு நேராகிவிடுமா? ஏரன் விசுவாசித்த தேவன் எங்கே போனார்? பத்தொன்பது வயதுவரை முழந்தாளிட்டு ஜெபித்த ஒருவன் அந்தப் பழக்கத்தைச் சட்டையைப்போலவா கழற்றிப்போடுவான்? அவனுடைய பக்தியும் மெய்யென்று முற்பாதியில் அவ்வளவு நியாயமாக நிறுவிய கதை, பிற்பாதியில் காதலை வெற்றிபெறச் செய்யும் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறது. போனில் அழைக்கும் கிறிஸ்டியனிடம் மகனை இழந்துவிட்டதாகச் சொல்லி, அவன் செத்தே போனான் என்று எண்ணவைத்த தாயும் பொக்கடெல்லோவிலேயே விடப்பட்டுவிடுகிறாள்.

அவளைப் பின்தொடர்வதுதான் அறநெறி நோக்கில் அதிகப் பயனுள்ள காரியம். ஏனெனில் இந்தப் படத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் மாறத் தொடங்கியது சபையின் சித்தாந்தமன்று, தாய்மாரின் நடத்தை. 2012-இல் சபை தானே ஓர் இணையதளத்தை ஏற்படுத்தி, இத்தகைய பிள்ளைகளைக் குடும்பம் தள்ளிவிடலாகாது என்று புத்தி சொல்லிற்று. அதைத் தொடர்ந்த காலத்தில் மார்மன் தாய்மார் சிலர் ‘மாமா டிராகன்ஸ்’ என்ற பெயரால் ஒன்றுசேர்ந்து, தங்கள் பிள்ளைகளைத் தாங்களே காத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். சபையின் அனுமதிக்காக அவர்கள் காத்திருக்கவில்லை. சபையின் தீர்ப்பை மறுத்துக் கலகம் செய்யவேண்டுமென்று எல்லாரும் எண்ணியதுமில்லை. தீர்ப்பு மூப்பர்களுடையது, பிள்ளை தன்னுடையது என்று ஒரு தாய் பிரித்துக்கொண்டால் போதுமானதாயிருந்தது. ஆனால் தள்ளாதே என்று தாய்க்குச் சொல்லும் அதே சபை, அவளுடைய மகன் தான் நேசிக்கும் ஆணை மணந்துகொண்டால் அவன் பெயரைத் தன் ஏட்டிலிருந்து அடிக்கக்கூடிய நிலையிலேயே இன்றும் இருக்கிறது. நித்திய குடும்பத்தைப் போதிக்கும் பிரசங்கத்தை ஞாயிறுதோறும் கேட்டுவிட்டு, மத்தியானம் மகனுக்கும் அவன் துணைவனுக்கும் சேர்த்து உணவு பரிமாறும் தாய், அந்த இரண்டையும் தன் ஒரே மனத்தில் எவ்வாறு தாங்கவேண்டும் என்பதற்கு அச்சபை இதுவரை விடை சொல்லவில்லை. அந்தச் சுமையை அவள் தலையிலேயே வைத்துவிட்டு, அதற்குக் கருணை என்று பெயரிட்டிருக்கிறது.