புதிய சங்கம் தொடங்கலாமா?



சிங்கப்பூரின் கேலாங் ரோட்டில் நடந்து போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள். கீழே காப்பிக்கடையும் டுரியான் கடையும் இருக்கும். மேல்மாடியில் சீன எழுத்தில் ஒரு பெயர்ப்பலகை தெரியும். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் வைத்த சங்கங்கள் அவை. கப்பலில் வந்து இறங்கியவனுக்குப் படுக்க இடம், ஒரு வேலை, செத்தால் எடுத்துப்போட நாலு பேர். அதற்காகத் தொடங்கியவை.

நம்மவர்களும் அப்படித்தான். தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1932இல் வந்தது. கடையநல்லூர்க்காரர்கள் 1941இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கைத் தொடங்கினார்கள். 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்று சொல்லி, பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்டார் 'தமிழ் முரசு' நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி. கூலி வேலை பார்த்தவர்களும் கொடுத்தார்கள். பல்கலைக்கழக வாசலையே மிதிக்காதவர்கள், வேறு யாரோ படிப்பதற்காகக் கொடுத்த காசு அது. எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது.

அண்மையில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, நாங்க பத்துப் பேர் சேர்ந்து புதுசா ஒரு சங்கம் ஆரம்பிக்கலாம்னு பார்க்கிறோம்" என்றார். பெயர் தயார், டி-சட்டைக்கு நிறம்கூடப் பார்த்தாயிற்று. "யாருக்காக தம்பி?" என்று கேட்டேன். "எங்களுக்குத்தாண்ணே" என்றார்.

ஊர்ச் சங்கத்தில் சேர்ந்தவர் சாகும்வரை உறுப்பினர். பல்கலைக்கழகத்தில் மூன்று, நான்கு ஆண்டுகளில் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பத்து நண்பர்களுக்காக வைத்த சங்கம் அந்தப் பத்துப் பேரோடு முடிந்துபோகும். சேர்ந்து சாப்பிட, படம் பார்க்கத் தலைவரும் செயலாளரும் எதற்கு?

ஆனால் அதே வளாகத்தில், தமிழ்நாட்டிலிருந்து வந்து கேண்டீனில் தனியாகச் சாப்பிடும் மாணவர் இருக்கிறார். இங்கேயே பிறந்தும் தமிழில் பேசக் கூச்சப்பட்டு ஒதுங்கும் பிள்ளை இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க ஆள் இல்லையென்றால், தாராளமாகத் தொடங்குங்கள். முதல் செயலாளராக உங்கள் நண்பர் அல்லாத ஒருவரைப் போடுங்கள்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள், தம்பி தங்கைகளே. ஏற்கெனவே இருக்கும் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்குப் போய், எந்த வேலைக்கு ஆள் போதவில்லை என்று கேளுங்கள். புதிய சங்கத்துக்கான விண்ணப்பப் படிவத்தை அதற்குப் பிறகு நிரப்பலாம்.