பதினான்காவது எபிசோட்

கல்லூரி மூன்றாம் வருடம், ஸ்டடி லீவில், ஹாஸ்டல் சீனியர் ஒருவர் தன் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கை எனக்குக் கொடுத்தார். ஒரே ஒரு ராத்திரிக்குத்தான். காலையில் அது பக்கத்து விங்குக்குப் போக வேண்டும். நான் காப்பி செய்துகொண்டது ஒரு ஃபோல்டர் மட்டும்: ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’. இரண்டு சீசனை வெறியோடு முடித்து மூன்றாவதுக்கு வந்தபோதுதான் கவனித்தேன். ஃபைல் எண்கள் தாவுகின்றன. 7-க்கு அப்புறம் 9. 13-க்கு அப்புறம் 16. காப்பி சரியாக ஆகவில்லையோ என்று அவர் அறைக்கே போய்க் கேட்டேன். “அதெல்லாம் மொக்கைடா, நான்தான் டெலீட் பண்ணேன். உனக்கு ரெண்டு மணி நேரம் மிச்சம், போய்ப் படி” என்றார்.

அன்று அது பெரிய உபகாரமாகத் தெரிந்தது. படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன் (2007-லேயே முடிந்த சீசன்தான், இருந்தாலும் ஸ்பாய்லர் ஒவ்வாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்). மனிதர்கள் உருவாக்கிய சைலான்கள் என்ற இயந்திரங்கள் திரும்பிவந்து மனிதர்களின் பன்னிரண்டு கிரகங்களையும் அணுகுண்டு போட்டு அழிக்கின்றன. மிஞ்சியவர்கள் சுமார் 50,000 பேர். கலாக்டிகா என்ற ஒரு பழைய போர்க்கப்பலும் அதன் பின்னால் சிவிலியன் கப்பல்களுமாக ஓடுகிறார்கள். ஒவ்வொரு எபிசோடின் டைட்டிலிலும் ஓர் எண் வரும், இன்று உயிரோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று. யாராவது செத்தால் அடுத்த வாரம் அது குறைந்திருக்கும்.

மூன்றாவது சீசன் 2006 அக்டோபரில் தொடங்கியது. மனிதர்கள் நியூ காப்ரிகா என்ற வறண்ட கிரகத்தில் கூடாரம் போட்டுக் குடியேறியிருக்கிறார்கள், சைலான்கள் வந்து அதை ஆக்கிரமித்திருக்கிறார்கள். ஈராக் போரின் நான்காவது வருடம் அது. அப்போது ஓர் அமெரிக்கத் தொடர் தன் பார்வையாளர்களை ஆக்கிரமிக்கப்பட்டவர்களின் பக்கம் உட்கார வைத்தது. சிறையில் ஒரு கண்ணை இழந்து திரும்பிய கர்னல் டை, நம் ஆட்களின் உடம்பில் வெடிகுண்டைக் கட்டி அனுப்புகிறார். சைலான்களுக்குக் கீழே போலீஸ் வேலைக்குச் சேர்ந்த மனிதர்களின் பதவியேற்பு விழாவில் குண்டு வெடிக்கிறது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நான்காவது எபிசோடில் கலாக்டிகா தீப்பிடித்த கல் மாதிரி வானத்திலிருந்து விழும் காட்சிக்கு விங் முழுக்க எழுந்து கத்தினோம். அந்த நான்கையும் தொலைக்காட்சியில் வந்த மிகச் சிறந்த அறிவியல் புனைவுகளில் வைப்பேன்.

ஐந்தாவது எபிசோடில் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். ஆறு பேர் கொண்ட ஒரு ரகசியக் குழு, சைலான்களோடு ஒத்துழைத்தவர்களைத் தேடிப்பிடித்து ஏர்லாக் வழியாக விண்வெளியில் தள்ளுகிறது. ஜாமர் என்று ஒருவன். ஆக்கிரமிப்புப் போலீஸில் இருந்தவன்தான். ஆனால் துப்பாக்கிகளுக்கு முன் நிறுத்தப்பட இருந்த கேலி என்ற பெண்ணைத் தப்ப விட்டவனும் அவனே. அதைச் சொல்லிக் கெஞ்சுகிறான். கேலியின் கணவனே அந்தக் குழுவில் இருக்கிறான். ஒரு பக்கம் செத்தவர்கள், ஒரு பக்கம் காப்பாற்றப்பட்ட ஒரே ஒருத்தி. கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறக்கிறார்கள்.

இதற்கப்புறம் சீசன் தடுமாற ஆரம்பிக்கிறது. 20 எபிசோட். புதிய பார்வையாளர்கள் நடுவில் வந்து உட்கார வசதியாகத் தனித்தனிக் கதைகள் வேண்டும் என்ற சேனலின் ஆசை வேறு. ஒரு வாரம் குத்துச்சண்டை, ஒரு வாரம் கல்யாண நாள் நினைவுகள், ஒரு வாரம் காதல் நாற்கோணம். பிறகு கடைசி நான்கு எபிசோடில் சட்டென்று எழுந்து மறுபடி ஓடுகிறது. பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “செம்ம சீசன்... ஆனா நடுவுல...” என்று இழுப்பார்கள். அந்த இழுவைக்கு நேர்மையான ஒரு மதிப்பெண் இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் வேலையில் சராசரியை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். ஒரு சர்வர் நூறு கோரிக்கைகளில் 99-க்கு 50 மில்லி செகண்டில் பதில் தருகிறது, ஒன்றுக்கு மட்டும் 5 நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சுமார் 100 மில்லி செகண்ட். டாஷ்போர்டில் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த 100-ஐ அனுபவித்தவர் ஒருவர்கூடக் கிடையாது. 99 பேருக்கு அதைவிட நல்ல சேவை, ஒருவருக்கு நரகம். அதனால்தான் நாங்கள் சராசரியைத் தூக்கிப்போட்டுவிட்டு, மோசமான அந்த ஒரு சதவீதத்தைத் தனியாகப் பார்ப்போம். இதை நான் ஜூனியர்களுக்கு வகுப்பே எடுத்திருக்கிறேன். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போவது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் டீம் லீடாக எனக்கு முதல் அப்ரைசல். ஆறு பேருக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும். அதில் ஒரு பையன். வருடத்தின் முதல் பாதியில், நாங்கள் யாரும் தொடப் பயந்த ஒரு பழைய பில்லிங் மாட்யூலை ஒற்றை ஆளாகத் திருப்பி எழுதினான். அதற்கு முன் மாதக் கடைசி என்றாலே எங்களுக்குத் தூக்கம் கிடையாது. அவன் எழுதிக் கொடுத்த பிறகு அந்த நாளை மறந்தே போனோம். இரண்டாம் பாதியில் அவன் ஆளே வேறு. மீட்டிங்கில் கேமராவை ஆன் செய்ய மாட்டான், சொன்ன தேதியில் எதுவும் வராது. ஒருமுறை டெஸ்ட் செய்யாமல் எதையோ புரொடக்‌ஷனில் தள்ளி, ஒரு சனிக்கிழமை முழுக்க எல்லோரையும் உட்கார வைத்தான். ஏன் என்று நான் ஒழுங்காக விசாரிக்கவில்லை. இரண்டு முறை “எல்லாம் ஓகேவா?” என்றேன், “ஓகே ப்ரோ” என்றான், விட்டுவிட்டேன்.

அவனுக்கு 3 போட்டேன். முதல் பாதி 5, இரண்டாம் பாதி 1 அல்லது 2. கணக்கு சரிதானே.

உண்மையில் நான் கணக்குகூடப் போடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் 1990களில் கொலோனோஸ்கோபி செய்துகொண்ட நோயாளிகளை ஆராய்ந்தார்கள். வலி எவ்வளவு நேரம் நீடித்தது என்பது அவர்கள் நினைவில் அநேகமாகப் பதியவே இல்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, முடியும்போது எவ்வளவு வலித்தது, இந்த இரண்டையும் வைத்துத்தான் முழு அனுபவத்தையும் எடை போட்டார்கள். நம் நினைவு சராசரிகூட எடுப்பதில்லை. அப்ரைசல் மார்ச் மாதம். எனக்குக் கண் முன்னால் இருந்தது அந்தச் சனிக்கிழமை. பில்லிங் மாட்யூல் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அதனாலேயே ஞாபகத்தில் இல்லை.

“இந்த மூணு எந்த மாசத்துக்கு ப்ரோ?” என்று கேட்டான். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பியவன் மாதிரி. எல்லா டீமுக்கும் ஒரே வளைகோடு, என் கையில் இல்லை, அது இது என்று ஏதோ சொன்னேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனான்.

எண்ணே தப்பு என்று சொல்ல வரவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி களைத்துப்போய் சோஃபாவில் விழுகிறவனுக்கு 8.7 என்ற எண் உதவுகிறது. மிக்ஸி வாங்கும்போது நானும் நட்சத்திரம் பார்த்துத்தான் வாங்குகிறேன். நிறுவனத்துக்கும் சம்பள உயர்வைப் பிரிக்க ஏதோ ஓர் எண் வேண்டும். ஆனால் அந்தப் படிவத்தில் 3-க்குக் கீழே ஒரு பெரிய பெட்டி இருந்தது, கருத்து எழுதுவதற்கு. யாரும் என்னைத் தடுக்கவில்லை. பில்லிங் மாட்யூலைப் பற்றி ஒரு பத்தி, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கலாம், ஒன்றை வைத்து மற்றதை அழிக்காமல். நான் ஆறு பேருக்கும் ஒரே இரண்டு வரியைக் காப்பி-பேஸ்ட் செய்தேன். எண் வேண்டுமானால் சிஸ்டத்துடையது. அந்த இரண்டு வரி என்னுடையது.

அவன் போன வருடம்தான் கலாக்டிகாவை மறுபடி முழுதாகப் பார்த்தேன். இந்த முறை ஸ்ட்ரீமிங்கில், சீனியரின் கத்தரி இல்லாமல். பதினான்காவது எபிசோட், ‘தி வுமன் கிங்’, முதல்முறையாக.

சீனியர் சொன்னது சரி, மோசமான எபிசோட்தான். ஹீலோ என்ற அதிகாரி கப்பலுக்குள் ஓர் அகதி முகாமைப் பார்த்துக்கொள்கிறான். சாகிடாரன் என்ற, மற்றவர்கள் இளக்காரமாகப் பார்க்கிற ஒரு மக்கள் கூட்டம் அங்கே நோயில் விழுகிறது. மருத்துவரே அவர்களைக் கொல்கிறார் என்று அவன் சந்தேகிக்கிறான். யாரும் நம்பவில்லை. கடைசியில் அவன் சொன்னதுதான் உண்மை. இவ்வளவுதான். டை மாதிரி ஒரு மனிதரை நமக்குக் கொடுத்த தொடர், இங்கே வில்லனை முழு வில்லனாகவும் ஹீரோவை முழு ஹீரோவாகவும் காட்டிவிட்டுப் போகிறது. அதற்குக் காரணமும் இருக்கிறது. சாகிடாரன்களை வைத்து ஒரு நீண்ட கிளைக்கதை திட்டமிடப்பட்டிருந்தது, சீசன் கடைசியில் வரும் நீதிமன்றக் காட்சிகளோடு சேர வேண்டியது. நடுவில் கைவிட்டுவிட்டார்கள். அதை அழைக்க வேண்டிய கோட் நீக்கப்பட்ட பிறகு, ஃபங்ஷன் மட்டும் அநாதையாக நிற்கிறது. எங்கள் ரெப்போவிலும் அப்படி எத்தனையோ கிடக்கின்றன.

ஆனால் ஏழாவது எபிசோட் எனக்கு ஞாபகம் இருந்தது. அதில் சைலான்களை மொத்தமாக அழிக்க ஒரு வழி கிடைக்கிறது, ஒரு நோய்க்கிருமி. அதைப் பரப்பச் சில சைலான் கைதிகள் உயிரோடு வேண்டும். இன அழிப்புக்கு நான் உடன்பட மாட்டேன் என்று ஹீலோ, கட்டளையை மீறி அந்தக் கைதிகளை முன்பே சாகடித்துவிடுகிறான். கல்லூரியில் பார்த்தபோது கைதட்டினேன். அதற்கப்புறம் அவனுக்கு என்ன ஆனது என்று யோசித்ததே இல்லை. யாரும் தண்டிக்கவில்லை, அடுத்த கதைக்குப் போய்விட்டார்கள். பதினான்கில் பார்த்தால், அதே ஆள் ஓர் அழுக்கு முகாமில், வாயைத் திறந்தாலே ‘இவனா? சைலானைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவன்தானே’ என்ற பார்வைக்கு நடுவில் நிற்கிறான். சரியானதைச் செய்தவனுக்கு என்ன விலை என்பதை அந்த சீசன் காட்டுவது இந்த மொக்கை எபிசோடில்தான். காட்டியதும் சரியாகக் காட்டவில்லை. ஆனாலும் எனக்கு வந்த ஹீலோ, விலை இல்லாமல் வீரம் காட்டிய ஹீலோ. சீனியர் நல்லெண்ணத்தோடு நறுக்கிய இடத்தில் அதுவும் போயிருந்தது.

இதனால் அந்த எபிசோட் நல்லதாகிவிடாது. ரசிகர்களில் ஒரு வகை உண்டு, எல்லாச் சொதப்பலுக்கும் ஓர் ஆழமான காரணம் கண்டுபிடிப்பார்கள். அதுவும் ஒரு மாதிரி டெலீட்தான், ஃபைலை வைத்துக்கொண்டு ஏமாற்றத்தை அழிப்பது. எனக்கு ஏமாற்றமும் வேண்டும். நியூ காப்ரிகாவை எழுதியவர்கள் இதையும் எழுதினார்கள் என்ற எரிச்சல், அவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதையிலிருந்து வருவது.

சீசனின் கடைசியில் பால்டரின் விசாரணை. சைலான்களிடம் சரணடைந்த ஜனாதிபதி, தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டபோது மரணப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவன். கப்பல் முழுக்க அவன் சாவை எதிர்பார்த்து நிற்கிறது. லீ அடாமா சாட்சிக் கூண்டில் ஏறி ஒரு பட்டியல் படிக்கிறான். கர்னல் டை தற்கொலைப் படையை அனுப்பினார், மன்னித்தோம். அட்மிரல் ஆட்சியைக் கவிழ்த்தார், மன்னித்தோம். நான் ஒரு பயணிகள் கப்பலைச் சுட்டு வீழ்த்தினேன், ஆயிரம் பேருக்கு மேல், மன்னித்தீர்கள். ஐந்து நீதிபதிகள், 3-2 கணக்கில் பால்டர் விடுதலை. அவன் நல்லவன் என்று அந்த மூவரில் ஒருவர்கூட நினைக்கவில்லை. ஓட்டுப் போட்ட அட்மிரலுக்கே அவனைக் கண்டால் ஆகாது. அவர்கள் அவனுடைய மொத்தத்துக்கு மதிப்பெண் போடவில்லை. முன்னால் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு நிரூபணமாயிற்றா என்று மட்டும் பார்த்தார்கள். ஜாமருக்கு அது கிடைக்கவில்லை.

அப்போது அந்த டைட்டில் எண்ணை வேறு மாதிரிப் பார்த்தேன். 41,000 சொச்சம் இருக்கும் அந்த நேரத்தில். அதில் டையும் ஒன்று, ஹீலோவும் ஒன்று, பால்டரும் ஒன்று. யாரும் 0.6 கிடையாது.

லிங்க்டுஇன்னில் அந்தப் பையனைத் தேடினேன். வேறொரு நிறுவனத்தில் சீனியராக இருக்கிறான். பில்லிங் மாட்யூலைப் பற்றி நான்கு பத்தி எழுதினேன், அந்தச் சனிக்கிழமையையும் மறைக்காமல். இரண்டு நாள் கழித்து ஒரு தம்ஸ்-அப் வந்தது. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று இன்னும் தெரியவில்லை.

போன மாதம் சித்தி பையன் கலாக்டிகா ஆரம்பித்திருக்கிறான். இரண்டு சீசன் முடித்துவிட்டு வாட்ஸ்அப்பில் கேட்டான்: “அண்ணா, மூணாவதுல எதெல்லாம் ஸ்கிப் பண்ணலாம்?” 8, 14, 15 என்று கை தானாக டைப் அடித்துவிட்டது. அழித்துவிட்டு, “எல்லாத்தையும் பாருடா” என்று அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து மெசேஜ்: “14 செம்ம மொக்கைண்ணா.”

“ஆமா” என்றேன்.

“15 அதைவிட மொக்கையாமே?”

“ஆமாடா.”