பெட்டிக்குள் இருப்பது யாருடையது?

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஹார்ட் டிஸ்க்கையோ பென் டிரைவையோ செருகினால், இன்னொரு பக்கம் ஒயர் வழியாக டி.வி.யில் படம் ஓடும். கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த சினிமா, பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஹாலில் உட்கார்ந்து குடும்பத்தோடு பார்க்கலாம். மீடியா ப்ளேயர் என்று பெயர். 2008-ல் வெஸ்டர்ன் டிஜிட்டல் கம்பெனி இப்படி ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தது. இப்போது பல டி.வி.க்களின் உள்ளேயே இந்த வசதி வந்துவிட்டது.

இந்தப் பெட்டிக்கு ஒரு குணம் உண்டு. எதைக் கொடுத்தாலும் ஓட்டும். காசு கொடுத்து வாங்கினதா, சுட்டதா, சொந்தமா எடுத்ததா என்று கேட்காது. எல்லாமே அதற்கு ஒரு ஃபைல் பெயர்தான். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. வீட்டில் வீடியோ ரெக்கார்டர் வைத்து டி.வி. நிகழ்ச்சியைப் பதிவு செய்து அப்புறமாகப் பார்க்கலாமா என்று அமெரிக்காவில் பெரிய வழக்கு நடந்தது. 1984-ல் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட், பார்க்கலாம், ரெக்கார்டர் விற்ற சோனி மீதும் தப்பில்லை என்று சொல்லிவிட்டது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம்.

ஆக, மெஷினைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. நம்மை நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருப்பதில் எது என்னுடையது?

‘என் வீடு, என் டி.வி., என் ஹார்ட் டிஸ்க். அப்புறம் என்ன சார் கேள்வி?’ என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

முதலில், காசு கொடுத்து வாங்கியது. என்னை மாதிரி பி.காம். படித்தவர்களுக்கு 1930-ம் வருடத்துப் பொருள் விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். விலையை வாங்கிக்கொண்டு, பொருளின் மேல் உள்ள உரிமையை வாங்குகிறவருக்கு மாற்றித் தரவேண்டும். அதுதான் விற்பனை. ஒரு டி.வி.டி. வாங்கினால் அந்தத் தட்டு உங்களுடையது. மச்சானுக்கு இரவல் தரலாம். பழைய கடையில் போடலாம். பேரனுக்கு விட்டுப் போகலாம்.

ஆன்லைன் கடையில் ‘வாங்கு’ என்ற பட்டனை அழுத்தினால் பெரும்பாலும் கிடைப்பது பொருள் இல்லை, பார்ப்பதற்கு ஒரு அனுமதி. 2009 ஜூலையில் அமேசான், ஜார்ஜ் ஆர்வெல்லின் புத்தகங்களை, வாசகர்கள் பணம் கட்டி வாங்கியிருந்த கிண்டில்களிலிருந்தே அழித்தது. விற்ற பதிப்பாளருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பித் தந்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் யோசியுங்கள்... புத்தகக் கடைக்காரர் ராத்திரி உங்கள் வீட்டுக்குள் வந்து அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு, மேஜைமேல் பணத்தை வைத்துவிட்டுப் போனால் சும்மா இருப்பீர்களா? 2022-ல் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ப்ளேஸ்டேஷன் கடையில் ஸ்டூடியோகனால் படங்களை வாங்கியிருந்தவர்களுக்கு, இனி அவற்றைப் பார்க்க முடியாது என்று அறிவிப்பு வந்தது.

மாதச் சந்தா கட்டிப் படம் பார்ப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அது வாடகை வீடு. காலி செய்யும் நாள் வரும் என்று தெரிந்தே குடியிருக்கிறோம். சொந்த வீடு என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, அப்புறம் பூட்டை மாற்றுவதுதான் அநியாயம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல் இதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. நிரந்தரமாக டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ள முடியாத சரக்கை ‘வாங்கு’ என்று விற்றால், கிடைக்கப் போவது லைசென்ஸ் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லவேண்டும்.

ஒரு பொருள் என்னுடையதா என்று பார்க்க என்னிடம் ஒரு சுலபமான பரீட்சை உண்டு. அதை இன்னொருவருக்குக் கொடுக்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அது என்னுடையது இல்லை.

இரண்டாவது, சுட்டது. ‘அவன் மட்டும் நம்மளை ஏமாத்தலாமா? நான் டவுன்லோட் பண்ணா மட்டும் தப்பா?’ என்று கேட்பவர்கள் உண்டு. என் பரீட்சையை வைத்தே மடக்குவார்கள். ‘இதை நான் பத்து பேருக்குக் கொடுக்கலாமே, அப்போ என்னுதுதானே?’

இல்லை. கொடுப்பதில் ஏதாவது இழப்பு இருந்தால் அது நம் கையிலிருந்து போகவேண்டும். டி.வி.டி.யை இரவல் தந்தால் நம் அலமாரியில் ஓர் இடம் காலியாகும். திருட்டு காப்பியைத் தந்தால் நமக்கு ஒன்றும் குறையாது. குறைவதெல்லாம் படம் எடுத்தவருக்கு. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தால் புண்ணியம் நமக்கா வரும்?

சொந்த டிஸ்க்கிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றிக்கொள்வது வேறு கதை. டிஸ்க் நம் கையில் இருக்கிறவரை அதை நான் தப்பு என்று சொல்லமாட்டேன். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டமும் 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமா விஷயத்திலும் நியாயமான சொந்த உபயோகத்துக்கு இடம் விட்டிருக்கிறது. டிஸ்க்கை விற்றுவிட்டு நகலை மட்டும் வைத்துக்கொண்டால், அப்போது மேலே சொன்ன தேங்காய்தான்.

மூன்றாவது, நிஜமாகவே நம்முடையது. அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணம். அக்கா கல்யாணத்தில் தாத்தா மைக் பிடித்துப் பேசினது. குழந்தை முதல் தடவை நடந்தது. உலகத்தில் வேறு எங்கேயும் கிடைக்காது. எந்தச் சந்தா கட்டினாலும் வராது. எந்தக் கம்பெனியும் வந்து அழிக்கவும் அழிக்காது. பீரோ மேலே இருக்கும் அந்த வி.ஹெச்.எஸ். கேசட்டைப் பூஞ்சை அழிக்கும். டேப்பில் காந்தத்தால் பதிந்தது வருடத்துக்கு வருடம் மங்கும். கேசட் நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் மெஷின் வேண்டுமே! கடைசிவரை வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனி 2016-ல் நிறுத்திவிட்டது.

இங்கே என் பரீட்சை முழுசாகப் பாஸாகிறது. இதை யாருக்கும் கொடுக்கலாம். டிஜிட்டலாக மாற்றும் செலவும் அலைச்சலும் நம்முடையவை. சினிமா விஷயத்தில் திருட்டாக இருந்த அதே காப்பி எடுக்கும் வேலை, இங்கே கடமையாகிவிடுகிறது. ஏனென்றால் தாத்தாவின் குரல் நமக்கு மட்டும் சொந்தமில்லை. தம்பிக்கும், அத்தை பிள்ளைகளுக்கும், இன்னும் பிறக்காதவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? எங்கேயும் கிடைக்கிற ஐந்நூறு சினிமாவை ஹார்ட் டிஸ்க்கில் பத்திரமாக வைத்துவிட்டு, எங்கேயும் கிடைக்காத ஒன்றைப் பீரோ மேலே போட்டுவிட்டோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் மூன்று ஃபோல்டர் போடுங்கள். வாங்கினது, சுட்டது, நம்முடையது. நேர்மையாகப் பிரியுங்கள், யாரும் பார்க்கப் போவதில்லை. இரண்டாவதை என்ன செய்வது என்று உங்களுக்கே தெரியும். மூன்றாவதை இரண்டு காப்பி எடுத்து, ஒன்றைத் தங்கை வீட்டில் கொடுத்து வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கும் ஒருநாள் படுத்துவிடும்.

அந்த மூன்றாவது ஃபோல்டர் காலியாக இருந்தால், ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோ மேலே பாருங்கள்.